மொம்பாசாச் சான்றிதழ்: ஒரு போலி ஆவணமும் ஆவண ஆய்வின் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கென்யாவில் பிறந்தவர் என்று நிறுவும் பொருட்டு 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ் வெளியிடப்பட்டது. அது போலி என்பது சில நாள்களுக்குள் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் அச்சான்றிதழ் எந்த நம்பிக்கையைத் தாங்கி நின்றதோ அந்நம்பிக்கை அதனுடன் வீழவில்லை. அப்போலியின் அகச்சான்றுகளையும் அதற்கு மூலமாக அமைந்த படியையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. ஐயமுற்றோர் வரலாற்றாய்வாளரின் கருவிகளையே கையாண்ட விதத்தையும், அக்கருவிகள் அவர்கள் கையில் பயன்தராமற்போன காரணத்தையும் முறையியல் நோக்கில் விளக்க முற்படுகின்றது.

திறவுச்சொற்கள்: பிறப்புச் சான்றிதழ், போலி ஆவணம், காலமுரண், அகச்சான்று, குடியுரிமை, ஒபாமா, கென்யா, ஹவாய்.

முன்னுரை

போலி ஆவணங்களை இனங்காண்பது வரலாற்றாய்வின் தொன்மையான பணிகளுள் ஒன்றாகும். உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் திருச்சபைக்கு அளித்ததாகக் கூறப்பட்ட கொடை ஆவணத்தை 1440-இல் லொரென்சோ வல்லா ஆராய்ந்து, அதன் இலத்தீன் மொழி நான்காம் நூற்றாண்டுக்குரியதன்று என நிறுவியதை ஆவணவியலின் தொடக்கமாகக் கொள்வது மரபு. நம் நாட்டுக் கல்வெட்டியலிலும் இம்முறை வேரூன்றியதே. ஐயத்திற்குரிய செப்பேடுகளை ஜே. எஃப். ஃப்ளீட் 1901-இல் பட்டியலிட்டு வெளியிட்டதும், எழுத்தமைதி, ஆண்டுக்கணக்கு, அரசர் பெயர் முதலியவற்றைக் கொண்டு பின்வந்தோர் அப்பட்டியலை விரித்தும் திருத்தியும் வந்ததும் கல்வெட்டாய்வாளர் அறிந்தனவே.

இவ்வாய்வுகள் அனைத்திலும் ஓர் எடுகோள் சொல்லாமலே உள்ளது. ஓர் ஆவணம் போலியென மெய்ப்பிக்கப்பட்டால் அதனைச் சார்ந்த கூற்றும் வலுவிழக்கும் என்பதே அது. அவ்வெடுகோள் எப்பொழுது பொருந்தும், எப்பொழுது பொருந்தாது என்பதை அண்மைக்கால நிகழ்வொன்றின் வழி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்கொண்ட ஆவணம் ஒரே ஒரு தாள். அதுவும் ஒளிப்படமாகவே உலவியது. ஒரு தாளுக்கு இத்துணை ஆய்வு வேண்டுமா என்னும் வினா எழலாம். செப்பேட்டுப் போலிகள் ஓர் ஊரின் நிலவுரிமையைக் குறிவைத்தன. இது ஒரு நாட்டின் தலைமைப் பதவியைக் குறிவைத்தது.

சட்டப் பின்னணி

அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்பு, குடியரசுத் தலைவர் ‘இயற்பிறப்புக் குடிமகனாக’ இருத்தல் வேண்டும் என்று விதிக்கின்றது. அத்தொடரின் பொருளை அரசியலமைப்பு விளக்கவில்லை. இவ்விடைவெளியில் ஐயங்கள் முன்னரும் புகுந்துள்ளன. செஸ்டர் ஆர்தர் அயர்லாந்தில் பிறந்தவர் என்றும், பின்னர்க் கனடாவில் பிறந்தவர் என்றும் ஆர்தர் ஹின்மன் என்னும் வழக்கறிஞர் குற்றஞ்சாட்டி, 1884-இல் அதனை ஒரு சிறுநூலாகவே வெளியிட்டார். மெக்சிகோவில் பிறந்த ஜார்ஜ் ராம்னி 1968 தேர்தலுக்கான வேட்பாளர் போட்டியில் இறங்கியபோதும் இவ்வினா எழுந்தது. 2008-இல் ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் பனாமாக் கால்வாய் மண்டலத்தில் பிறந்தவர். அவர் தகுதியுடையவர் என அமெரிக்க மேலவை அவ்வாண்டு ஏப்ரல் 30-இல் தீர்மானம் நிறைவேற்றியது. வெளிநாட்டு மண்ணில் உண்மையாகவே பிறந்த இருவர்மீது எழுந்த ஐயம் விரைவில் அடங்கியது; ஐம்பது மாநிலங்களுள் ஒன்றில் பிறந்தவர்மீது எழுந்த ஐயமோ எட்டாண்டுகள் நீடித்தது.

ஹவாய் ஆவணங்கள்

ஒபாமா 1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் ஹொனலூலு நகரிலுள்ள கபியோலானி மகப்பேற்று மருத்துவமனையில் பிறந்தார். அவர் கென்யாவில் பிறந்தவர் என்னும் வதந்தி 2008 வேனிற்காலத்தில், சனநாயகக் கட்சியின் உட்கட்சிப் போட்டி கடுமையுற்றிருந்தபோது மின்னஞ்சல்கள் வழிப் பரவியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தேர்தல் பரப்புரைக் குழு, ஹவாய் நலவாழ்வுத் துறை வழங்கிய சுருக்கப் பிறப்புச் சான்றிதழின் படத்தை வெளியிட்டது. ஹவாய் 2001-இல் பதிவுகளைக் கணினி மயமாக்கியிருந்தமையால், கேட்போர் எவருக்கும் அந்நாளில் வழங்கப்பட்டது கணினியில் அச்சிட்ட அச்சுருக்கப் படிவமே ஆகும்.

வெளியிட்ட படத்தில் சான்றிதழ் எண் கறுப்பால் மறைக்கப்பட்டிருந்தது. தனிமனிதர் ஆவணங்களை வெளியிடும்போது கைக்கொள்ளப்படும் இயல்பான எச்சரிக்கை இது. ஆயின் அம்மறைப்பே முதல் ஐயத்திற்கு வித்தாயிற்று. முத்திரை தெரியவில்லை, கையொப்பம் இல்லை என்னும் குறைகளும் சேர்ந்தன. ஆகஸ்டில் ‘ஃபேக்ட்செக்’ அமைப்பினர் தாளை நேரில் பார்வையிட்டு, மேலெழுந்த முத்திரையும் பின்புறக் கையொப்பமும் எண்ணும் தெரியும்படி ஒளிப்படங்கள் வெளியிட்டனர்.

இதனினும் வலுவான சான்று செய்தித்தாள்களில் இருந்தது. ‘ஹொனலூலு அட்வர்டைசர்’ 1961 ஆகஸ்டு 13-ஆம் நாளும், ‘ஹொனலூலு ஸ்டார் புல்லட்டின்’ மறுநாளும் வெளியிட்ட பிறப்பு அறிவிப்புகளில் ஒபாமா இணையருக்கு ஆண்மகவு பிறந்த செய்தி உள்ளது. இவ்வறிவிப்புகளுக்கான பட்டியலை நாளிதழ்கள் நலவாழ்வுத் துறையிடமிருந்தே பெற்று வந்தன. நிகழ்ச்சி நடந்த பத்து நாள்களுக்குள், எவ்வுள்நோக்கமும் இருக்க இயலாத காலத்தில், இரு வேறு இதழ்களில் அச்சேறி நூலகங்களில் நுண்படச் சுருள்களாகப் பாதுகாக்கப்பட்ட சான்று இது. வரலாற்றாய்வாளருக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. மறுப்போர் இதற்குக் கூறிய விடை, கென்யாவில் பிறந்த குழந்தைக்கு ஹவாயில் இருந்த பாட்டி பொய்ப் பதிவு செய்தார் என்பது. அக்குழந்தை நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தேர்தலில் நிற்கும் என எவரும் அறிந்திருக்க இயலாத 1961-இல் இவ்வேற்பாடு எதற்காக என்பதற்கு விடை வரவில்லை.

ஹவாய் நலவாழ்வுத் துறையின் இயக்குநர் சியோமே ஃபுக்கினோ, மூலப் பதிவுகளைத் தாமே கண்டதாக 2008 அக்டோபர் 31-ஆம் நாள் அறிவித்தார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் லிண்டா லிங்கிளின் அரசில் பணியாற்றியவர் அவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒபாமா ஹவாயில் பிறந்தவரே என 2009 ஜூலை 27-ஆம் நாள் மீண்டும் தெளிவுறுத்தினார். ஹவாய் மாநிலமான பொன்விழாவையொட்டி, ஒபாமாவின் பிறப்பிடம் ஹவாய் எனச் சுட்டும் தீர்மானம் ஒன்றைக் கீழவை 378 வாக்குகளுடன், ஒருவரும் எதிர்க்காமல், நிறைவேற்றியதும் அதே நாளில்தான். கென்யச் சான்றிதழ் வெளிப்பட்டது அதற்கு அடுத்த வாரத்திற்குள்.

மொம்பாசாச் சான்றிதழ்

கலிபோர்னியாவைச் சேர்ந்த பல் மருத்துவரும் வழக்கறிஞருமான ஓர்லி டைட்ஸ், ஒபாமாவின் தகுதியை எதிர்த்து வழக்குகள் தொடுத்து வந்தார். 2009 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அவர், மொம்பாசா நகரின் கடற்கரைப் பொது மருத்துவமனையில் ஒபாமா பிறந்தார் எனக் கூறும் ஒரு சான்றிதழின் ஒளிப்படத்தைக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனுவுடன் இணைத்தார். அதன் மெய்ம்மையைக் கென்யாவில் சரிபார்க்க நீதிமன்றம் உதவவேண்டும் என்பது வேண்டுகோள். மடிப்புகளுடன் கூடிய பழுப்பேறிய தாள், தட்டச்சு எழுத்துகள், பதிவாளர் கையொப்பம், முத்திரை என அனைத்தும் அமைந்திருந்தன. ‘பிறப்புப் பதிவின் சான்றுறுதி பெற்ற படி’ என்பது தலைப்பு. வழங்கிய நாள் 1964 பிப்ரவரி 17.

முதல் அகச்சான்று தலைப்பிலேயே இருந்தது. சான்றிதழ் ‘கென்யக் குடியரசு’ என்னும் பெயரில் வழங்கப்பட்டிருந்தது. கென்யா 1963 டிசம்பர் 12-ஆம் நாள் விடுதலை பெற்றது; ஆயின் அப்போது பிரித்தானிய அரசியையே நாட்டுத் தலைவராகக் கொண்ட ஆட்சிப்பகுதியாகவே இருந்தது. குடியரசானது சரியாக ஓராண்டு கழித்து, 1964 டிசம்பர் 12-ஆம் நாள். ஆகவே இத்தாள், தன்னை வழங்கிய அரசு தோன்றுவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பே வழங்கப்பட்டுள்ளது. கான்ஸ்டன்டைன் காலத்து ஆவணத்தில் ‘சத்ரப்புகள்’ எனும் சொல்லைக் கண்ட வல்லாவின் வியப்புக்கு இது நிகரானது.

1961-இல் மொம்பாசாவின் அரசியல் நிலையும் எளிதானதன்று. கடற்கரைப் பகுதி பெயரளவில் சான்சிபார் சுல்தானுக்கு உரியதாகவும், ஆங்கிலேயர் ஆளுகையிலுள்ள காப்பரசாகவும் இருந்தது. 1963 டிசம்பரில்தான் கென்யாவுடன் முழுமையாக இணைந்தது. சான்றிதழ் 1964-க்குரியது எனக் கூறிக்கொள்வதால் இதனைத் தனியொரு முரணாகக் கொள்வது மிகைக் கூற்றாகும். மறுப்பாளர் பலர் அந்நாளில் அவ்வாறு கொண்டனர். போலியை மறுக்கும் ஆர்வத்தில் வலுவற்ற வாதத்தையும் சேர்த்து அடுக்குவது, வலுவுள்ள வாதத்திற்கே ஊறு செய்யும்.

காலமுரண் ஒன்றே போதுமா எனின், கடுமையான நோக்கில் போதாது எனலே தகும். எழுத்தர் பிழை, முன்கூட்டியே அச்சிட்ட படிவம் எனக் காரணங் கற்பிக்க இடமுண்டு. ஐயத்திற்கு இடமின்றி முடிவு கட்டியது இரண்டாவது சான்றாகும். ஒளிப்படம் வெளியான சில நாள்களுக்குள், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1959-இல் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப வரலாற்றுத் தளம் ஒன்றில் இருந்ததை இணைய வாசகர்கள் கண்டெடுத்தனர். அதுவும் 1964-இல் வழங்கப்பட்ட படியே. தலைப்பின் சொற்கள், கட்டங்களின் அமைப்பு, கோடுகளின் இடம் ஆகிய யாவும் இரண்டிலும் ஒத்திருந்தன. பதிவேட்டு எண் இரண்டிலும் 44பி. பக்க எண் இரண்டிலும் 5733. பதிவாளரின் குடும்பப் பெயர் ஒன்றே. முன்னெழுத்து மட்டும் வேறு.

சுவடிப் பதிப்பில் இரு படிகள் ஒரே பிழையைக் கொண்டிருந்தால் அவை ஒரு மூலத்தினின்று தோன்றியவை எனக் கொள்வர். ஈண்டு பொதுவாக அமைந்தது பிழையன்று, எண். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளில், இருவேறு ஆட்சிகளின் பதிவேடுகளில், ஒரே ஏடும் ஒரே பக்கமும் ஒரே பதிவாளர் பெயரும் தற்செயலாய் அமைதல் இயலாது. எது மூலம், எது படி என்னும் வினாவுக்கும் விடை எளிது. ஆஸ்திரேலியச் சான்றிதழ் அதன் உரிமையாளரின் பிறப்பிடத்தோடும் அந்நாட்டு நிருவாக வழக்கத்தோடும் முரணின்றிப் பொருந்தியது; கென்யச் சான்றிதழோ தன் நாட்டின் பெயரோடே பொருந்தவில்லை. ஒபாமாவின் பிறப்பிடம் பற்றிய ஐயத்தைத் தொடர்ந்து வெளியிட்டு வந்த ‘வேர்ல்டு நெட் டெய்லி’ இதழே, அக்காலக் கென்யச் சான்றிதழ்களோடு இது ஒத்துவரவில்லை என ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

போலி செய்தவரின் நோக்கம்

பொதுவாகப் போலி ஆவணம் செய்வோர் அது மெய்யென நம்பப்படுவதால் பயன் பெற விரும்புவர். செப்பேட்டுப் போலிகள் அத்தகையன. இச்சான்றிதழில் அவ்விதி பிறழ்ந்தது. ஒருவர் பெயர் வெளியிடாமல் தாமே இதனைச் செய்ததாக இணையத்தில் உரிமை கோரினார். பருத்தித் தாள், மை பீய்ச்சும் அச்சுப்பொறி, பழைய கைத்தட்டச்சுப் பொறி, முத்திரை பதிக்க ஒரு நாணயம், ஊற்றுப் பேனா எனத் தாம் பயன்படுத்திய பொருள்களை விலையுடன் பட்டியலிட்டு, ஐயமுற்றோரை ஏமாளிகளாக்குவதே தம் நோக்கம் என்றார். இணைய வழக்கில் ‘ட்ரோல்’ எனப்படும் சீண்டுவோரின் செயல் இது. இத்தகைய போலி வெற்றி பெறுவது அது நம்பப்படும்போதன்று. நம்பியவர் நகைப்புக்கு ஆளாகும்போதே. அங்ஙனமாயின் பதிவேட்டு எண்ணை மாற்றாமல் விட்டது சோர்வெனக் கொள்ள வேண்டுவதில்லை. பிறர் கண்டுபிடிக்கட்டும் என விட்டுவைத்த தடயமாகவும் அதனைக் கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஆய்வாளர் சற்று நின்று நோக்கவேண்டும். சீண்டும் போலி தன் இலக்கை அடைந்ததா? ஒரு நாளுக்கு அடைந்தது. டைட்ஸ் பரவலாக எள்ளப்பட்டார். ஆயின் ஐயமுற்றோர் அதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதே முதன்மையானது. சிலர், ஆஸ்திரேலியச் சான்றிதழே போலி, கென்யச் சான்றிதழைப் பொய்யாக்க அதன்பின் புனையப்பட்டது என்றனர். சிலர், கென்யச் சான்றிதழ் போலிதான்; தம்மை இழிவுபடுத்த ஒபாமா தரப்பினரே அதனைப் பரப்பினர், அவ்வளவு அஞ்சுவானேன், மறைக்க ஏதோ உள்ளது என்றனர். போலி என்னும் முடிவை ஏற்றாலும் மறுத்தாலும் ஒரே நம்பிக்கை வலுப்பெற்றது. எள்ளல் நோக்குடன் செய்த போலி, தான் எள்ள விழைந்த நம்பிக்கைக்கே உணவாயிற்று. அறியாதாரை மடக்கப் போலிச் சான்று செய்வது குற்றமற்ற விளையாட்டு என்று கருதுவோர் உளர்; பொய்த்தாள் நீதிமன்றக் கோப்பில் ஏறியபின் அவ்வாறு கருத இவ்வாய்வாளர்க்கு இயலவில்லை.

இதற்கு முன் 2008 அக்டோபரில் பரப்பப்பட்ட ஒலிப்பதிவையும் இதனோடு வைத்து எண்ணலாம். ஒபாமாவின் கென்யப் பாட்டி சாரா ஒபாமா, பேரன் பிறந்தபோது தாம் உடனிருந்ததாகத் தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வழிக் கூறியதாக அது உலவியது. முழுப் பதிவில், வினா புரிந்ததும் அவர் தரப்பினர் ஒபாமா பிறந்தது ஹவாயில் எனத் திரும்பத் திரும்பத் திருத்துகின்றனர். உலவிய படியில் அப்பகுதி வெட்டப்பட்டிருந்தது.

2004-இன் பாடமும் அதன் திரிபும்

ஐயமுற்றோரை அறியாமை உடையோர் என ஒதுக்குதல் பொருந்தாது. அவர்கள் ஆவணங்களை மிக நுணுகி வாசித்தனர். அவ்வாசிப்பு முறைக்கு ஒரு வரலாறு உண்டு.

2004 செப்டம்பர் 8-ஆம் நாள் சி.பி.எஸ். தொலைக்காட்சி, ஜார்ஜ் புஷ் தேசியக் காவற்படையில் கடமை தவறினார் எனக் காட்டும் 1970-களின் குறிப்புகளை வெளியிட்டது. அன்றிரவே, அவற்றின் எழுத்துரு அக்காலத் தட்டச்சுப் பொறிக்குரியதன்று என இணைய வாசகர் ஒருவர் சுட்டினார். எழுத்துகளின் விகித இடைவெளி, வரிக்குமேல் சிறிதாக நிற்கும் எண்ணடை ஆகியன எடுத்துக்காட்டப்பட்டன. சொற்செயலி மென்பொருளின் இயல்பு அமைப்பில் அதே வாசகத்தை அச்சிட்டால் வரிக்கு வரி பொருந்துவதை மற்றொருவர் காட்டினார். பன்னிரண்டு நாள்களில் அந்நிறுவனம் அக்குறிப்புகளின் மெய்ம்மையைத் தன்னால் உறுதிப்படுத்த இயலாது என ஒப்புக்கொண்டது. செய்தி வாசிப்பாளர் டேன் ராதர் மறு ஆண்டு மார்ச்சில் அப்பொறுப்பினின்று விலகினார். பெருநிறுவனத்தின் வல்லுநரைவிடத் தனி வாசகர் கூர்மையானவர் என்னும் பெருமிதம் வலதுசாரி இணைய வட்டங்களில் நிலைபெற்றது. அப்பெருமிதம் தகுதியுடையதே.

2011-இல் அதே கருவிகள் மீண்டும் எடுக்கப்பட்டன. டொனால்டு டிரம்ப் அவ்வாண்டு வேனிலில் இவ்வினாவைத் தொலைக்காட்சிகளில் கிளப்ப, ஏப்ரல் 27-ஆம் நாள் வெள்ளை மாளிகை விரிவான மூலச் சான்றிதழின் படியை வெளியிட்டது. சில மணி நேரத்தில் மறுப்புகள் தொடங்கின. அவற்றுள் மூன்று இங்கு ஆராயத்தக்கன.

தந்தையின் இனம் ‘ஆப்பிரிக்கர்’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. 1961-இல் ‘நீக்ரோ’ என்றே எழுதியிருப்பர். ஆகவே இது காலமுரண் என்றனர். பெற்றோர் தம்மைக் குறித்துத் தாமே கூறியதைப் பதிவதே ஹவாயின் வழக்கம். கென்யாவிலிருந்து படிக்க வந்த ஒருவர் தம்மை ஆப்பிரிக்கர் எனக் கூறுவதில் வியப்பில்லை. அடுத்து, தந்தையின் பிறப்பிடமாகக் ‘கென்யா, கிழக்கு ஆப்பிரிக்கா’ எனக் காணப்படுவது பிழை. அன்று அந்நாட்டின் பெயர் பிரித்தானியக் கிழக்காப்பிரிக்கக் காப்பரசு என்றனர். 1920 முதலே அது கென்யக் குடியேற்ற நாடு என வழங்கியது. மொம்பாசாச் சான்றிதழில் நாட்டின் பெயர் உண்மையாகவே காலமுரணாக இருந்தபோது அதனைப் பொருட்படுத்தாதோர், ஹவாய்ச் சான்றிதழில் இல்லாத காலமுரணைக் கண்டனர் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, கணினிக் கோப்பைப் படத்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் அது பல அடுக்குகளாகப் பிரிகின்றது என்பது. வருடி எடுத்த படத்தைச் சுருக்கும்போது எழுத்துப் பகுதியையும் பின்னணியையும் தனித்தனியே பிரித்துச் சேமிப்பது வழக்கமான தொழில்நுட்பமாகும். ‘நேஷனல் ரெவ்யூ’ என்னும் பழமைவாத இதழ் வெளியான நாளிலேயே இதனைச் செய்து காட்டியது. குறிப்பிட்ட செராக்ஸ் கருவி வகை இதே விளைவுகளைத் தருவதும் பின்னர்ச் சோதித்தறியப்பட்டது. எனினும் அரிசோனாவின் காவல் அலுவலர் ஜோ அர்பாயோ 2012 மார்ச்சிலும் 2016 டிசம்பரிலும் செய்தியாளரைக் கூட்டி, கோப்பு புனையப்பட்டது என்றே கூறினார்.

2004-இல் எழுத்துருவைக் கண்டவருக்கும் 2011-இல் அடுக்குகளைக் கண்டவருக்கும் முறையில் வேறுபாடு உண்டா? கண்ணுக்கு இல்லை. இருவரும் ஆவணத்தின் புறவடிவை நோக்கினர். இருவரும் காலமுரண் தேடினர். வேறுபாடு அடுத்த படியில் உள்ளது. முன்னவர் தம் கருதுகோளைச் சோதனைக்கு உட்படுத்தினர். அதே வாசகத்தை அச்சிட்டு ஒப்பிட்டனர். பின்னவர் அடுக்குகள் தோன்ற வேறு காரணம் உண்டா என வினவவில்லை. பிறர் வினவி விடை காட்டியபோதும் ஏற்கவில்லை. எச்சான்று கிடைத்தால் தம் ஐயம் தீரும் என்பதை அவர்கள் முன்கூட்டியே வரையறுக்கவுமில்லை. சுருக்கச் சான்றிதழ் வந்தபோது விரிவானது வேண்டும் என்றனர். விரிவானது வந்தபோது மூலப்பதிவேடு வேண்டும் என்றனர். ஜெரோம் கோர்சி எழுதி, சான்றிதழ் எங்கே என வினவும் தலைப்புடைய நூல், அச்சான்றிதழ் வெளியான மறுமாதமே கடைக்கு வந்தது.

ஆய்வு நேர்மை கருதி, எதிர்ச்சான்று ஒன்றையும் குறிப்பிடவேண்டும். ஒபாமாவின் இலக்கிய முகவர் நிறுவனம் 1991-இல் வெளியிட்ட அறிமுகக் கையேடு அவர் கென்யாவில் பிறந்தவர் என்றே கூறுகின்றது. 2012-இல் வெளிவந்த இத்தாள் போலியன்று. அதனைத் தொகுத்தவர் தம் பிழை என விளக்கமளித்தார். அவ்விளக்கத்தை ஏற்காவிடினும், பிறப்பு நிகழ்ந்து முப்பதாண்டுகளுக்குப் பின் விளம்பர நோக்கில் எழுந்த குறிப்பு, பத்து நாள்களுக்குள் அச்சான செய்தியை வெல்ல இயலாது. மெய்யான ஆவணம் பொய்யான செய்தி தருவது கல்வெட்டியலிலும் உண்டு. மெய்க்கீர்த்திகளைக் கற்றோர் இதனை நன்கு அறிவர்.

ஆவண வெளியீடு முற்றிலும் பயனற்றது என்பதும் உண்மையன்று. ஒபாமா வேறு நாட்டில் பிறந்திருப்பார் என உறுதியாகவோ ஓரளவோ கருதியோர், காலப் நிறுவனத்தின் கணிப்பின்படி 2011 ஏப்ரலில் 24 விழுக்காட்டினர். மே மாதத்தில் 13 விழுக்காட்டினர். ஏறத்தாழப் பாதிப்பேர் சான்றைக் கண்டு மனம் மாறினர். அவர்களுக்கு ஆவணம் ஒரு வினாவாகவே இருந்தது. எஞ்சியோருக்கு அவ்வாறில்லை.

தாளுக்கு அப்பால்

எஞ்சியோர் கேட்டது எதனை? அமெரிக்காவில் தாளைக் காட்டு எனக் கேட்கப்பட்டோரின் வரலாறு நெடியது. அடிமைமுறை நிலவிய மாநிலங்களில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் தம் விடுதலைச் சான்றை உடன் வைத்திருக்கவேண்டும். இல்லையேல் பிடித்து விற்கப்படும் இடர் இருந்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாக இயலாது என 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868-இல் பதினான்காம் திருத்தம் அதனைத் துடைத்து, மண்ணில் பிறந்தோர் குடிமக்கள் என்றது. 1892-இன் கியரி சட்டம் சீனத் தொழிலாளர் வதிவுச் சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும் என விதித்தது. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தும் நாட்டுக்குள் நுழைய மறுக்கப்பட்ட வோங் கிம் ஆர்க், 1898-இல் உச்சநீதிமன்றம் வரை சென்றே தம் குடியுரிமையை நிறுவினார். வெள்ளை இனத்தவரான ராம்னிக்கும் மெக்கெய்னுக்கும் வினா எழுந்ததேயன்றித் தாள் கேட்கப்படவில்லை.

ஹவாய் அலுவலகத்திற்கு 2010-இன் தொடக்கத்தில் ஒபாமாவின் பதிவைக் கேட்டு மாதத்திற்கு 40 முதல் 50 வரை மின்னஞ்சல்கள் வந்தன. ஒருவரே மீண்டும் மீண்டும் கேட்டால் விடையளிக்கத் தேவையில்லை எனச் சட்டமே இயற்ற நேர்ந்தது. நீதிமன்றங்களோ வழக்குகளைத் தகுதியின்மை காட்டித் தள்ளின. படைவீரர் ஒருவர் சார்பில் டைட்ஸ் தொடுத்த வழக்கில் நீதிபதி கிளே லேண்ட் 2009 அக்டோபரில் அவருக்கு 20,000 டாலர் தண்டம் விதித்தார். நீதிமன்றம் ஆவணத்தின் மெய்ம்மையை ஆராய்ந்து தீர்ப்பளிக்காமல், வழக்காடும் உரிமையில்லை என முடித்தமையும் ஐயத்திற்கு இடமளித்தது என்பதை மறுப்பதற்கில்லை. டிரம்ப் 2016 செப்டம்பர் 16-ஆம் நாள், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவரே என ஓரிரு தொடர்களில் அறிவித்தார். புதிய சான்று எதனையும் அவர் காட்டவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் கேட்டபோதும் அவரிடம் சான்று இருந்ததில்லை.

இவ்வினாவின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது 2020-இல் நிகழ்ந்தது. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனுக்கும் ஜமைக்காவில் பிறந்த டொனால்டு ஹாரிசுக்கும் மகளாகக் கமலா ஹாரிஸ் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் 1964 அக்டோபர் 20-ஆம் நாள் பிறந்தார். துணைத் தலைவர் வேட்பாளராக அவர் ஆகஸ்டு 11-இல் அறிவிக்கப்பட்டார். மறுநாளே, சட்டப் பேராசிரியர் ஜான் ஈஸ்ட்மன் ‘நியூஸ்வீக்’ இதழில் அவர் தகுதியை வினவி எழுதினார். அவர் பிறந்த இடத்தை அக்கட்டுரை மறுக்கவில்லை. எந்தச் சான்றிதழையும் போலியென்று கூறவில்லை. அவர் பிறந்தபோது பெற்றோர் நிலையான வதிவுரிமை உடையோராக இருந்தனரா என்றே வினவியது. வோங் கிம் ஆர்க் வழக்கில் 122 ஆண்டுகளுக்கு முன் விடை கூறப்பட்ட வினாவுக்கு மிக அண்மையில் நிற்பது இது. அதற்கும் மறுநாள் செய்தியாளர் கேட்டபோது, தாமும் அதனைக் கேள்வியுற்றதாகவும் எழுதியவர் மிகத் தகுதிவாய்ந்த வழக்கறிஞர் என்றும் டிரம்ப் கூறினார். இதழாசிரியர்கள் அக்கட்டுரை இனவெறுப்புக்குக் கருவியாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்துக் குறிப்பு ஒன்றைச் சேர்த்தனர்; கட்டுரையை நீக்கவில்லை.